தவிர்க்கவும்

“இது என்னடி, தவிர்க்கவும்?” என்று சித்தி கேட்டாள்.

அலுவலகத்தின் பின்னறையில், பசைக் குழாய்கள் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் நாங்கள் இருவரும் நின்றிருந்தோம். அச்சுக்குப் போகவிருந்த தாள் என் கையில் இருந்தது. அதை உரக்கப் படிக்கச் சொன்னது அவள்தான். எட்டு வரிகளில் ஆறாவதில் என்னை நிறுத்திவிட்டாள்.

“சமையலறைச் சுவரின் மேற்பகுதியில் உள்ள காற்றுத் துளையைத் தவிர்க்கவும்,” என்று மறுபடி படித்தேன். “அதாவது, அதை விட்டுடணும் சித்தி. மத்த சந்து பொந்தையெல்லாம் அடைக்கலாம். அதை மட்டும் தொடக்கூடாது.”

“அப்ப தொடாதீங்கன்னு போடேன்.”

“அதட்டற மாதிரி இருக்கும்.”

“மூடாதீங்க?”

“அதுவும் அப்படித்தான். மேல அஞ்சு வரியும் அடைக்கவும், ஒட்டவும், துடைக்கவும்னு போகுது. இது மட்டும் தனியா நிக்கும்.”

“நான் ஒரு வீட்லயும் இந்த வார்த்தையப் பேசினதில்ல. டாக்டர்தான் உங்க சித்தப்பாகிட்ட சொல்வாரு, எண்ணெயத் தவிர்க்கவும்னு. இவரு அப்படியே கேட்டுக்கிட்டு வந்து பஜ்ஜி போடச் சொல்வாரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “எழுத்துல இப்படித்தான் சித்தி வரும்.”

அவள் தாளை வாங்கினாள். எழுத்தைப் பார்க்காமல், காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் துணியைப் போலத் தேய்த்துப் பார்த்தாள்.

“சரி. ரெண்டு பாஷை படிச்சவ நீ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

பேச்சு அவ்வளவுதான். மூன்று நிமிடம்கூட இருக்காது.

சித்தி என் அம்மாவின் தங்கை. இருபத்தோரு வருடம் குளிர்கோட்டுத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்தவள். தொழிற்சாலையை மூடியபோது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. அந்த வருடம்தான் எங்கள் குடியிருப்புப் பகுதியில் எரிசக்திச் சேமிப்புத் திட்டம் தொடங்கியது. தெருவிளக்குகளை மாற்றினார்கள். நிறுத்தத்தில் நிற்கும்போது இஞ்சினை அணைக்க வேண்டும் என்று பேருந்து ஓட்டுநர்களுக்கு உத்தரவு போட்டார்கள். வீடு வீடாகப் போய், சூடு வெளியே கசியும் இடங்களைக் கண்டுபிடித்து அடைக்க ஆள் எடுத்தார்கள். நேர்காணலில், முன்அனுபவம் உண்டா என்று கேட்டதற்குச் சித்தி, “தையல் விட்ட இடம் என் கண்ணுக்குத் தப்பாது,” என்றாளாம். எடுத்துக்கொண்டார்கள்.

அவளிடம் ஒரு நீலப்பை இருந்தது. அதில் ஜன்னல் இடுக்கில் ஒட்டும் பஞ்சுப்பட்டைச் சுருள், பசைத் துப்பாக்கி, கத்தரிக்கோல், வெப்பமானி, ஒரு கட்டுப் புகைக்குச்சி. குச்சியைப் பற்றவைத்து, ஜன்னல் சட்டத்தின் ஓரமாக மெல்ல நகர்த்திக்கொண்டே போவாள். புகை நேராக எழுந்தால் ஒன்றுமில்லை. சட்டென்று சாய்ந்தால் அங்கே சந்து. “மாட்டிக்கிட்டியா?” என்று சந்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். நான்கு வருடத்தில் எங்கள் பகுதியில் அவள் புள்ளி வைக்காத கட்டடம் இல்லை. குழந்தைகள் சந்தம்மா என்று கூப்பிட்டார்கள். அப்புறம் பெரியவர்களும்.

சித்தப்பா பேருந்து ஓட்டுநர். “நான் ரோட்ல இஞ்சின அமத்தறேன், இவ வீட்ல காத்த அமத்தறா,” என்பார். “ரெண்டு பேருமாச் சேந்து என் வாயையும் அமத்தியாச்சு.”

“அது ஒண்ணுதான் இன்னும் அமரல,” என்பாள் சித்தி.

வேலை முடிந்து கிளம்புமுன் ஒவ்வொரு வீட்டிலும் அவள் ஒன்று சொல்வாள். வீட்டுக்காரரைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய், அடுப்புக்கும் எரிவாயு ஹீட்டருக்கும் மேலே சுவரில் இருக்கும் சதுரத் துளையைக் காட்டி, “இது வீட்டோட மூக்கு. இதுல மட்டும் கை வைக்கக் கூடாது. குளிருதுன்னு யாராவது மூக்க அடைச்சுக்குவாங்களா?” என்று கேட்பாள். அவர்கள் இல்லை என்று சொல்லும்வரை வாசலைத் தாண்ட மாட்டாள். அதற்கே கால்மணி நேரம் ஆகும். வீட்டுக்காரர் தேநீர் கொடுத்தால் அரைமணி.

மேலாளருக்கு அந்த அரைமணி கண்ணை உறுத்தியது. நாளைக்கு நான்கு வீடு என்பதை ஆறாக்க வேண்டும் என்றார். பேச்சுக்குப் பதிலாக அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் போதும் என்று முடிவாயிற்று. மூல வாசகம் மேலிடத்திலிருந்து வேறு மொழியில் வந்தது. அதைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. அலுவலகத்தில் நான் அப்போது தற்காலிக ஊழியை.

டிக்கெட் தாத்தா மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். பேருந்துகளில் முப்பது வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் வந்தாலும் கதவைப் பாதி திறந்து கையை நீட்டி, “டிக்கெட்?” என்பார். சித்தி பையிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சுப்பட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைப்பாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “செல்லும், ஏறு,” என்று வழிவிடுவார்.

அச்சில் இருப்பதை நம்புகிறவர் அவர். நாளிதழில் வந்த வானிலை அறிக்கையைப் பார்த்துத்தான் குடை எடுப்பார், ஜன்னலைப் பார்த்து அல்ல. அவருடைய சமையலறையில் மருத்துவமனைத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. உப்பைத் தவிர்க்கவும், ஊறுகாயைத் தவிர்க்கவும் என்று அதில் இருந்தது. அதைக் கொண்டுவந்த அன்றே உப்பு ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். “கொஞ்சமா சேத்துக்கலாமே தாத்தா,” என்று சித்தி கேட்டதற்கு, “கொஞ்சமா டிக்கெட் இல்லாம போகலாமா?” என்றாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சித்தி அந்த வாரம் முழுக்கச் சிரித்தாள்.

அவர் வீட்டு ஜன்னல்களைச் சித்தி ஒரு செவ்வாய்க்கிழமை முடித்தாள். அன்றைக்கு அது ஐந்தாவது வீடு. ஆறாவது வீட்டுக்காரர் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்துவிட்டார். சித்தி தாளைக் கொடுத்து, “இதுல எல்லாம் இருக்கு தாத்தா, நான் சொல்லவா?” என்று கேட்டிருக்கிறாள்.

“அச்சுல இருக்கில்ல? நான் படிச்சுக்கறேன். நீ வண்டியப் பிடி.”

மிச்சமிருந்த பஞ்சுப்பட்டையைக் கேட்டாராம், செருப்பு அலமாரிக் கதவு அடித்துக்கொள்கிறது என்று. ஒரு முழம் வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்று வாரம் கழித்து, குளிர் இறங்கிய முதல் நாட்களில், அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்தார்கள். தாத்தா சமையலறை நாற்காலியில், கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்த மேனிக்கு இறந்திருந்தார். ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. மேலே துளையில் நாளிதழை நான்காக மடித்துச் செருகி, சுற்றிலும் பஞ்சுப்பட்டை ஒட்டியிருந்தது. நன்றாக ஒட்டியிருந்தார் என்று சித்தி பிறகு சொன்னாள். மூலையைக்கூடச் சாய்வாக வெட்டிச் சேர்த்திருந்தாராம், அவள் ஜன்னலில் செய்ததைப் பார்த்து. வெளியே போக வழியில்லாமல் ஹீட்டர் கக்கிய நச்சுவாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

விசாரணை மேலாளரின் அறையில் நடந்தது. மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். நடப்பதை இரண்டு மொழியிலும் குறிப்பெடுப்பதற்காக என்னை மேசையின் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். சித்தி எதிரே, நீலப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தாத்தாவின் மேசையில் கிடைத்த தாளை அதிகாரி எடுத்து வைத்தார். எட்டு வரிகளிலும் சிவப்புப் பென்சிலால் சரிக்குறி போட்டிருந்தது. டிக்கெட்டில் போடுவதுபோல, சாய்வாக, அழுத்தமாக.

“ஆறாவது வரிக்கும் சரி போட்டிருக்காரு,” என்றார் அதிகாரி. “துளையைத் தவிர்க்கவும்னு தெளிவா இருக்கு. படிச்சு, சரியும் போட்டுட்டு, அப்புறம் ஏன் அடைச்சாரு?”

மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். “வயசானவர் சார்.”

எனக்கு அந்த உப்பு ஜாடி நினைவுக்கு வந்தது. உப்பைத் தவிர்க்கச் சொன்னார்கள், உப்பு இல்லாமல் செய்தார். துளையைத் தவிர்க்கச் சொன்னோம், துளை இல்லாமல் செய்தார். ஒரு வரியையும் அவர் மீறவில்லை.

நிமிர்ந்தேன். சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது என்பது தெரிந்தது. என்னைவிட முன்பே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசிவிட்டாள்.

“நான் வாயால சொல்லல சார். எல்லா வீட்லயும் சொல்வேன். அங்க சொல்லல.”

“ஆனா படிவத்துல விளக்கப்பட்டதுன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க.”

“போட்டேன் சார்.”

தாளைக் கொடுத்தால் போதும் என்று சொன்னவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சித்தி அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவள் சொன்னதை நான் எழுதினேன். முதலில் தமிழில், அப்புறம் மற்ற மொழியில். இரண்டிலும் பிழை இல்லாமல் வந்தது.

வெளியே நடைவழியில் அவளை நிறுத்தினேன். “அது என் வார்த்தை சித்தி. நான் போய்ச் சொல்றேன்.”

“சொல்லி? அடுத்த மாசம் உன் வேலைய நிரந்தரம் பண்ணப் போறாங்க. எனக்கு எப்படியும் முட்டி தேஞ்சு போச்சு. ஏணி ஏறினா கடகடன்னு சத்தம் வருது. நான் போனா ஒருத்தியோட போச்சு.”

“நீ அன்னிக்கே கேட்டே.”

“கேட்டேன். கேட்டுட்டு விட்டுட்டேனே.” பையின் வாரைத் தோளில் சரிசெய்தாள். “நானும் அந்த வார்த்தையத் தாண்டிப் போயிட்டேன்.”

அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நீலப்பையை அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்தாள், புகைக்குச்சிக் கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு. கட்டடங்களில் பேச்சு வேறு மாதிரி ஆயிற்று. சந்தம்மா அடைச்ச வீடு என்று யாரோ சொல்ல, சிலர் பஞ்சுப்பட்டைகளைப் பிய்த்துப் போட்டார்கள். குப்பைத் தொட்டிகளில் அது சுருள் சுருளாகக் கிடந்ததை வேலைக்குப் போகும் வழியில் பார்த்தேன். அந்த வீடுகளில் மறுபடி குளிர் புகுந்திருக்கும்.

ஐந்து வாரம் கழித்து எனக்கு நிரந்தர ஆணை வந்தது. அதற்கு மறுநாள் நடந்ததையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மேசை இழுப்பறையில் வைத்தார். “ஃபைல மூடியாச்சும்மா,” என்றார். “வேணும்னா தாளைத் திருத்திக்கோ.” திருத்தினேன். இந்தத் துளையை மூடாதீர்கள் என்று பெரிய எழுத்தில் போட்டோம். அதட்டுகிற மாதிரி இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை சித்தி வீட்டுக்குப் போவேன். வாசலிலேயே குளிர் முகத்தில் அடிக்கும். எல்லா ஜன்னலும் ஒரு சாண் திறந்திருக்கும். கூடத்தில் ஹீட்டர் முழுவேகத்தில் எரியும். சித்தி இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஒரு சால்வை. சித்தப்பா சாப்பிடும்போதுகூடக் கம்பளிக் குல்லாயைக் கழற்றுவதில்லை.

“ஊர்ல இருக்கற சந்து பொந்தையெல்லாம் அடைச்சவ இப்ப தெருவுக்கு ஹீட்டர் போடறா,” என்று ஒருநாள் சொன்னார். சிரிப்பதற்குப் பதில் இருமல் வந்தது.

சித்தி பேச்சின் நடுவில் எழுந்து போவாள். சமையலறையில் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால், முக்காலியில் ஏறி, புகைக்குச்சியைச் சுவர்த் துளைக்கு அருகில் பிடித்துக்கொண்டிருப்பாள். புகை வளைந்து வெளியே போவதைப் பார்த்துவிட்டு இறங்குவாள். நான் இருக்கும் இரண்டு மணி நேரத்தில் நான்கு தடவை எண்ணியிருக்கிறேன். ஏழெட்டுக் குச்சிகள்தான் மிச்சம் இருந்தன. தீர்ந்தால் என்ன செய்வாள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த முறை அலுவலக அலமாரியிலிருந்து ஒரு கட்டுப் புகைக்குச்சியை என் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

அதைக் கொடுத்த அன்றைக்குச் சித்தப்பாவின் இருமல் முற்றியிருந்தது. வாய்விட்டுப் பேச முடியாமல் படுக்கையறையில் சுருண்டு கிடந்தார். அவருடைய தலைமாட்டு ஜன்னல் வழியாக வந்த காற்றில் மாத்திரைச் சீட்டு தரையில் பறந்து பறந்து விழுந்தது. சித்தி அதை ஒவ்வொரு முறையும் எடுத்து வைத்தாள். ஜன்னலைத் தொடவில்லை. நான் கிளம்புவதற்காகச் செருப்பை மாட்டும்போது பின்னாலேயே வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எனக்காக ஒண்ணு பண்ணுவியா?”

“சொல்லு சித்தி.”

“அவரு தலைமாட்டு ஜன்னல மட்டும் நீ மூடிட்டுப் போ. எனக்குத் தெரியுது, மூடணும். கொக்கி வரைக்கும் போய்க் கை நின்னுடுது. நான் சமையலறைல நிக்கறேன், நான் பாக்காதப்ப மூடு. மூடினதும் மூடிட்டேன்னு வந்து சொல்லாத. சத்தமில்லாம போயிடு.”