மூன்று பதக்கங்களும் மாமாவின் கேஸும்

பிரான்சில், எங்கள் சார்செல் வீட்டுச் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மூன்று பதக்கங்கள் இருந்தன. அம்மாவின் தாத்தா, அதாவது என் பூட்டன், உலகப் போரின்போது இங்கிலீஷ் வெள்ளைக்காரனின் சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருந்தவர். கப்பல் குண்டடிபட்டு மூழ்கியபோது, உயிர்காப்புப் படகில் பதின்மூன்று நாள் மிதந்து, கூட இருந்தவர்களையும் கரை சேர்த்தாராம். அதற்காகக் கொடுத்தவை. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையாருக்கு வைக்கும் சந்தனமும் குங்குமமும் அவற்றுக்கும் உண்டு. அம்மா சொல்லிச் சொல்லி அந்தக் கதை எனக்குத் தலைகீழாகப் பாடம்.

எனக்கு ஒன்பது வயதானபோது அம்மாவின் தம்பி ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். ஊரில் மாமியும், அவர் இன்னும் முகம் பாராத நாலு மாதக் குழந்தையும் இருந்தார்கள். மாமாவுக்கு விசா கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். மாமா அதிகம் பேசமாட்டார். எங்கள் சோபாவில் படுக்கும்போது தலைமாட்டில் ஒரு போத்தல் தண்ணீர் இருக்க வேண்டும். அது பாதியானாலே எழும்பிப் போய் நிரப்புவார். எனக்கு அது பெரிய பகிடி.

விசாவுக்குக் கேஸ், அதாவது அகதி விண்ணப்பம், எழுத லா சப்பலில் ஒரு சங்கத்து வழக்கறிஞர் நேரம் கொடுத்திருந்தார். மொழிபெயர்க்க வருவதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார்.

"இவள் நல்லாக் கதைப்பாள். இவளைக் கூட்டிக்கொண்டு போ தம்பி" என்ற அம்மா, பதக்கங்களையும் துணியில் சுற்றிக் கொடுத்தார். "எங்கட பரம்பரை எப்பிடிப்பட்டதெண்டு அவையளுக்கும் தெரியட்டும்."

வெள்ளைக்காரன் கொடுத்ததை வெள்ளைக்காரன் மதிப்பான் என்பது எங்கள் வீட்டு நினைப்பு. எந்த வெள்ளைக்காரன் என்று யாரும் யோசிக்கவில்லை.

வழக்கறிஞரின் மேசையில் பதக்கங்களைப் பரப்பிவிட்டு நான் பூட்டனின் கதையை எடுத்துவிட்டேன். இரண்டு சுறாக்களை நானே சேர்த்தேன். அந்த வழக்கறிஞர் அம்மா ஒரு பதக்கத்தைத் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டிய குங்குமத்தைத் துடைத்தார். அழகான கதைதான், ஆனால் இவருக்கு என்ன நடந்தது, எப்படி வந்தார் என்று கேள் என்றார்.

கேட்டேன். மாமா மேசையைப் பார்த்தபடி சொன்னார்.

"நானும் படகிலைதான் பிள்ளை. எஞ்சின் நிண்டு போச்சு. எட்டு நாள். தண்ணி முடிஞ்சுது. மூண்டு பேரைக் கடலிலை விட்டனாங்கள்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பூட்டனின் கதையை மாமா தன் கதையாக்குகிறார், அதுவும் நாளைக் குறைத்து. பொய் சொன்னால் விசா கிடைக்காது என்று அம்மா சொல்லியிருந்தார். மாமாவைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு, "இன்னும் தாத்தாவைப் பற்றித்தான் சொல்கிறார்" என்று பிரெஞ்சில் சொன்னேன். வழக்கறிஞர் பேனாவை மூடினார்.

வரும் வழியில் மாமா ரூ பெர்தொனே தெருக் கடையில் எனக்குத் தின்ன ரோல்ஸ் வாங்கித் தந்தார். "நல்லாக் கதைச்சனீ" என்றார்.

சில மாதங்களில் அகதி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அதையும் நானேதான் வாசித்தேன். விண்ணப்பித்தவர் தனக்கு நேர்ந்தது எதையும் கூறவில்லை என்று எழுதி மறுத்திருந்தார்கள். மாமா "ஓம், ஓம்" என்று தலையாட்டிக் கேட்டார். மறுபடி கேஸ் எழுதி, வேறொருவர் மொழிபெயர்த்து, மாமியும் பிள்ளையும் வந்து சேர ஐந்து வருடமானது. விமான நிலையத்தில் அந்தச் சிறுமி தன் அப்பாவைப் பார்த்து, ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கண்டதுபோல மரியாதையாகக் கைகூப்பினாள்.

நான் செய்ததை மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத் துணிவில்லை. கடலில் தத்தளித்தவர் என்றால் அவரிடம் பதக்கம் இருக்கும் என்று ஒன்பது வயதில் நம்பியிருந்தேன். மாமாவிடம் ஒரு போத்தல் தண்ணீர்தான் இருந்தது.