சும்மா இருக்கிறவங்க

என் நாத்தனாரை எங்க தெருவுல எல்லாரும் காஜா அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. எனக்கு அண்ணி. சட்டையில பட்டன் நுழையிற ஓட்டையை வெட்டி, ஓரம் பிரியாம கையால தைக்கிறதுதான் காஜா. கம்பெனி வேன் காலையில மூட்டையை இறக்கும், சாயங்காலம் வந்து எடுத்துக்கும். நடுவுல அண்ணி தலை நிமிரமாட்டாங்க. இருபத்திரண்டு வருஷமா இதே ஜன்னலோரம், இதே முக்காலி. போன வருஷம் பிளேடு வழுக்கி கட்டைவிரலைக் கிழிச்சிடுச்சு. இன்னும் சரியா மடக்க முடியலை. வைத்தியத்துக்கு உதவி கேட்டா, நீங்க கம்பெனி ஆளே இல்லையேன்னுட்டான் வேன்காரன்.

அந்தக் கோபத்துலதான் இயக்கத்துல சேர்ந்தாங்க. உழைக்கிறவங்க இயக்கம்னு பேரு. ஒரு தொழில்ல நூறு உறுப்பினர் இருந்தா, அந்தத் தொழிலுக்குச் செயற்குழுவுல ஒரு இடம் உண்டு. எங்க நாலு தெருவுல மட்டும் காஜா போடுறவங்க நூத்து முப்பது பேர், அத்தனை பேரும் உறுப்பினர். இடம் கிடைச்சா, வீட்டுல தைக்கிறவளும் தொழிலாளிதான்னு கோரிக்கையில ஒரு வரி சேர்க்கணும். அண்ணி கேட்டது அவ்வளவுதான்.

யார் யார் நம்ம பக்கம்னு கணக்கெடுக்க எங்க பகுதிக்கு இயக்கத்துல என்னை அனுப்பினாங்க. இந்தக் கணக்கை வச்சுத்தான் எந்தத் தொழிலுக்கு இடம்னு முடிவு பண்ணுவாங்க. அன்னைக்குப் புத்தியை எங்கேதான் அடகு வச்சேனோ! வயசு, படிப்பு, தொழில்னு கட்டம் கட்டமா தாள். வீடு வீடா போய், என்னக்கா வேலை பாக்குறீங்கன்னு கேட்டேன். ஒருத்தி பாக்கியில்லாம ஒரே பதில், சும்மாதான் இருக்கேன். மடியில சட்டை, பல்லுல நூல், பக்கத்துல ஆளுயர மூட்டை. சும்மாவாம்! பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணும்ங்கிற அவசரத்துல நானும் 'தொழில்: இல்லை'ன்னு கிறுக்கிக்கிட்டே போனேன். அண்ணியும் அதையேதான் சொன்னாங்க. ஒரே வீட்டுல சோறு தின்னுற நானும் அதையேதான் எழுதினேன்.

மாசக் கூட்டத்துல செயலாளர் தாளைப் பிரிச்சார். அண்ணியைவிட சின்னவர், நல்ல மனுஷன்தான், அதுதான் இன்னும் எரிச்சல். ஆதரவாளர்ல நூத்துக்கு நாற்பது பேர் ஓட்டுநர், இருபது பேர் மாணவர், பதினைஞ்சு பேர் கட்டட வேலை, இருபத்தஞ்சு பேர் வேலையில்லாத பெண்கள்னு படிச்சார். வேலையில்லாதவங்ககூட நம்மளை நம்பி வந்திருக்காங்கன்னு பெருமை வேற.

அண்ணி எழுந்து, அந்த இருபத்தஞ்சும் நாங்கதான், எங்களுக்குத் தொழில் இருக்குன்னு சொன்னாங்க. தப்பு என்னோடதுன்னு நானும் சொன்னேன். அவர் பொறுமையா கேட்டார். பட்டியல் மேலிடத்துக்குப் போயாச்சு, இனி ரெண்டு வருஷம் கழிச்சு எடுக்கும்போதுதான் மாத்த முடியும், அதோட அவங்க வாயால சொன்னதைத்தானே எழுதியிருக்குன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. அண்ணி உட்கார்ந்துட்டாங்க.

அவர் அடுத்த விஷயத்துக்குப் போனார். மாநாட்டுக்கு முந்நூறு சட்டை தைச்சு வந்திருக்கு, காஜா மட்டும்தான் பாக்கின்னு மூலையில இருந்த மூட்டையைக் காட்டினார்.

"போன தடவை மாதிரியே நம்ம தெருக்காரங்களை வச்சு சும்மா போட்டுக் கொடுத்துடுங்கக்கா. நம்ம இயக்கம்தானே."

அண்ணி மூட்டையைப் பார்த்தாங்க. அவர் கையில இருந்த தாளைப் பார்த்தாங்க.

"அதுல எங்களுக்குத் தொழிலே இல்லைன்னு போட்டிருக்கே தம்பி. சும்மா இருக்கிறவங்க சும்மாவே இருந்துட்டுப் போறோம்."

செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. வழி நெடுக எனக்குத்தான் அர்ச்சனை.

மாநாட்டு ஊர்வலம் எங்க தெரு வழியாத்தான் போச்சு. முன்வரிசை முழுக்க சட்டையில பட்டன் இருந்துச்சு, ஓட்டை இல்லை. எல்லாரும் ஊக்கு குத்தியிருந்தாங்க. எனக்குச் சிரிப்பு தாங்கலை. அண்ணி சிரிக்கலை. ஊக்கு குத்தினா நமக்கு இடம் வந்துடுமாடின்னாங்க.

மறுநாள் எதிர்வீட்டுக்குப் புதுசா குடிவந்த பொண்ணு எட்டிப் பார்த்து, என்னக்கா பண்றீங்கன்னு பேச்சுக் கொடுத்தா.

"சும்..." அண்ணி நிறுத்தினாங்க. என்னை ஒரு முறை முறைச்சாங்க. அப்புறம் அவ பக்கம் திரும்பினாங்க.

"காஜா போடுறேன்மா. இருபத்திரண்டு வருஷமா."