யூரோவுக்கு ரெண்டு ரூபாய்

திண்டிவனத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் சமையலறையை ஒட்டி ஒரு மேசை போடும் அளவுக்கு இடம் இருந்தது. என் கம்ப்யூட்டர் அங்கேதான். ஊரெல்லாம் கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்த காலம். இருக்கிற நேரம் பார்த்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெளிநாட்டுக்காரர்கள் பேசிய பதிவுகளைக் கேட்டு இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுப்பேன். என் வீட்டுக்காரர் வானூர் பக்கம் கட்டட வேலைக்கு சூப்பர்வைசர். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்.

எனக்கு நிலையாக வேலை கொடுத்தவள் அயர்லாந்தில் இருந்த ஒரு பெண். ஏறக்குறைய என் வயது. அவளுடைய அப்பா மாடு வளர்த்துப் பிழைத்தவர், அப்போது படுக்கையில் இருந்தார். அவரை உட்கார்த்திவைத்துப் பழங்கதையெல்லாம் பேசச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைகளில் ரெக்கார்டு செய்து எனக்கு அனுப்புவாள். அவர் பேசிய இங்கிலீஷ் முதலில் ஒரு எழவும் புரியவில்லை. ஈனும்போது கன்று குறுக்கே மாட்டிக்கொண்ட ஒரு பசுவைப் பற்றிச் சொன்னபோதுதான் சட்டென்று பிடிபட்டது. திருவெண்ணெய்நல்லூரில் எங்கள் அம்மா வீட்டிலும் மாடுதான். கையை விட்டுக் கன்றைத் திருப்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு பதிவில் அவர் மகளைக் கேட்டார், "இதையெல்லாம் யாரு டைப் அடிக்கிறது?"

"இந்தியாவுல ஒரு பொண்ணுப்பா."

மைக் பக்கம் திரும்பியிருப்பார் போல. குரல் என் காதுக்குள்ளேயே வந்து கேட்டது. "ஏம்மா, உங்க ஊர்ல மழை உண்டா?"

தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டு, அதையும் அப்படியே அடித்து அனுப்பினேன்.

மாதக் கடைசியில் அவள் ஆன்லைன் கணக்கு வழியாகப் பணம் போடுவாள். கூடவே ஒரு வரி எழுத அதில் இடம் உண்டு. அந்த மாதம் எழுதியிருந்தாள், "அப்பா மழைக்குப் பதில் கேட்கிறார்." பணம் கிடைத்தது என்று சொல்லும்போது, "மழையா? வெயில் மண்டையைப் பிளக்கிறது" என்று எழுதினேன். அடுத்த பதிவில் அதை அவருக்குப் படித்துக் காட்டுவது கேட்டது. இருமலும் சிரிப்புமாகக் கொஞ்ச நேரம் அவரால் பேச முடியவில்லை.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் பதிவில் ஏதாவது கேட்பார், பணம் வருகிற அன்றைக்கு நான் பதில் எழுதுவேன். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மண்ணுக்குள் காய்க்கும் என்று நான் எழுதியதை அவர் நம்பவே இல்லை. மரத்தில் காய்ப்பது என்றே நினைத்திருந்தாராம்.

அக்கா மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு விழுப்புரம் போயிருந்தோம். அக்கா வீட்டுக்காரர் அங்கே ஒரு பேங்கில் இருந்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போது, யூரோ எனக்கு என்ன ரேட்டுக்கு வருகிறது என்று கேட்டார். சொன்னேன்.

"அட, அந்த ஆன்லைன்காரங்க அவங்களா ஒரு ரேட்டு போட்டுக்கினு யூரோவுக்கு ரெண்டு ரூவா அமுக்கிக்கினு இருக்காங்கம்மா. கமிஷன் வேற. நீ எதுக்கு அழணும்? அந்தம்மாவ யூரோவாவே நேரா உன் பேங்க் அக்கவுண்ட்டுக்கு அனுப்பச் சொல்லு. இங்க வந்து மாறட்டும், எங்க ரேட்டு எவ்ளோ தேவலை."

"அதுக்குச் செலவு இல்லீங்களா மாமா?"

"அனுப்புற தடவைக்கு ஒரு சார்ஜ். கொஞ்சமா வந்தாலும் அதான், மொத்தமா வந்தாலும் அதான். அதனால மாசாமாசம் வாணாம். நாலு மாசத்த சேத்து ஒரே தடவையா வாங்கிக்கோ."

அவர் சொன்னது எல்லாமே சரி. அந்தப் பெண்ணும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாள். உன் உழைப்பில் இன்னொருவர் ஏன் கை வைக்க வேண்டும் என்று எழுதினாள். முதல் தடவை மொத்தமாக வந்த பணத்தில் இன்வெர்ட்டர் வாங்கினோம். கரண்ட் போனாலும் வேலை நிற்கவில்லை.

நின்றுபோனது வேறு. பேங்க் வழியாக வரும் பணத்தில் அவள் பெயரும், எதற்கான பணம் என்பதற்கு ஒரு குறியீட்டு எண்ணும்தான் இருக்கும். எங்கள் மெயில்களோ ஃபைல் வந்தது, ஃபைல் போனது என்பதோடு சரி. மழையைப் பற்றிச் சொல்வதற்கென்று தனியாக ஒரு மெயில் போடக் கூச்சமாக இருந்தது. வேலை கொடுக்கிறவர்களிடம் அளவோடு இருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு எண்ணம்.

கொஞ்ச நாள் கழித்து வந்த ஒரு பதிவில், பேச்சுக்கு நடுவில் கேட்டார். "அந்த இந்தியாப் பொண்ணு இப்பல்லாம் ஒண்ணும் சொல்றதில்லையா?"

"வேலை அதிகமா இருக்கும்ப்பா," என்றாள் மகள்.

அந்த இரண்டு வரிகளையும் பிழையில்லாமல் அடித்தேன். அடுத்த முறை பணம் வரும்போது நன்றி சொல்லி எழுதுவோமே, அதில் நாலு வரி சேர்த்து எழுதலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பதிவுகள் வரவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று இருந்தேன். பணம் மட்டும் சொன்ன காலத்தில் சரியாக வந்தது. அன்றைக்கு உட்கார்ந்து நீளமாக ஒரு மெயில் எழுதினேன். ஏரி நிரம்பியது, மல்லாட்டை பிடுங்கியது, எல்லாம் அவருக்காக.

அவள் பதில் சுருக்கமாக இருந்தது. அப்பா இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. முன்பு மாதிரி மாதாமாதம் எழுதிக்கொண்டிருந்தால் அந்த வாரமே சொல்லியிருப்பேன், அப்புறம் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, மன்னித்துக்கொள். அவ்வளவுதான். என்னிடம் போய் மன்னிப்புக் கேட்கிறாளே என்றுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த ஞாயிறு மாதா கோயிலுக்குப் போனபோது, அவர் ஆத்துமாவுக்கு ஒரு பூசை வைக்கலாம் என்று, பூசைக்குப் பெயர் எழுதும் உபதேசியாரிடம் போனேன்.

"பேரு சொல்லுங்கம்மா, பூசையில சாமியார் வாசிக்கணும்."

வாயைத் திறந்தேன், பெயர் வரவில்லை. பதிவு முழுக்க அவள் அவரை அப்பா என்றுதான் கூப்பிட்டாள். நானும் பேசுகிறவர்களை அப்பா, மகள் என்றே பிரித்து அடித்தேன். முதல் ஈற்றிலேயே செத்துப்போன அவருடைய பசுவின் பெயர் எனக்குத் தெரியும். அவர் பெயர் தெரியாது. அந்தச் சமயத்தில் மகளிடம் எழுதிக் கேட்கவும் மனம் வரவில்லை.

"பேரு தெரியலீங்க. தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர்," என்றேன்.

உபதேசியார் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அப்படியே எழுதிக்கொண்டார்.