மூக்கில்லாத மாம்பழம்

எண்பதுகளில் கிருஷ்ணகிரியில் நான் வேலை பார்த்த மாம்பழக்கூழ் கம்பெனிக்கு, டப்பா லேபிள் வரைய ஓசூரிலிருந்து ஓர் ஓவியர் வந்தார். வெள்ளைச் சட்டை, நகத்தில் ஒரு பொட்டுச் சாயம் கிடையாது. காற்றில் சாயம் பீய்ச்சும் ஜப்பான் பிரஷ் ஒன்று வைத்திருந்தார். அதைத் துடைத்து வெல்வெட் பெட்டிக்குள் மூடிவைப்பார். உடனே திறந்து மறுபடி துடைப்பார்.

ஒரு வாரம் கழித்துப் படத்தைக் காட்டினார். வழவழவென்று, மஞ்சள் பூசிய முட்டை. நாங்கள் அரைப்பதோ கிளிமூக்கு மாம்பழம்.

“மூக்கு எங்கங்க?” என்றேன்.

“பிரஷுக்குக் காத்து குடுக்குற கம்ப்ரெசர் சரியில்லிங்க சார். ஜப்பான்ல இருந்து புதுசு வருது. அது வந்துடட்டும், பழம் டப்பாவுல இருந்து எந்திரிச்சு வரும் பாருங்க.”

ஜன்னலுக்கு வெளியே லாரி லாரியாகப் பழம் இறங்கிக்கொண்டிருந்தது. இந்த மனிதர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. ஒரு பழத்தை எடுத்துவந்து அவர் மேஜைமேல் வைத்தேன்.

“ஐயையோ, எடுங்க சார்! பழத்துப் பாலு பிரஷ்ல பட்டா அவ்ளோதான்,” என்று விரல்நுனியால் அதை என் பக்கமே உருட்டிவிட்டார்.

புதுக் கம்ப்ரெசர் வந்தது. முட்டை இன்னும் வழவழப்பாக வந்தது. மூக்கு வரவில்லை.

மாம்பழத்தைத் தொடக் கூசுகிறவர் எதற்கு மாம்பழம் வரைய வந்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.