அதே பதினோரு பேர்

சேலை பார்டருக்கு டிசைன் போடத்தான் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினேன். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, அம்மன் படத்துக்கு நேர் கீழே வைத்தேன்.

அதில் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தை ஏற்றிவைத்தவன் என் மச்சான், மனைவியின் தம்பி. மட்டை பிடித்து ஆடுகிற ஆட்டம் இல்லை அது. நாம் ஒரு டீமுக்கு மேனேஜர். யார் ஆடுவது, யார் வெளியே உட்காருவது, யார் எப்போது பந்து போடுவது என்று சொல்வதோடு நம் வேலை முடிந்தது. ஆட்டம் தானாக ஓடும். ஆளைக்கூட மெஷினே பொறுக்கட்டும் என்று விடுவதற்கு ஒரு பட்டன் உண்டு. மச்சான் அதைத்தான் அமுக்குவான். தோற்றுப்போனால், "மெஷின் கவுத்துடுச்சி மாமா" என்பான்.

என் மனைவி அந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை. "சோறு நான் ஆக்கிட்டு உப்பு மட்டும் வேற ஆள் போடுவாங்களா?" என்பாள். எட்டாவது வரை படித்தவள். மத்தியானம் தறியை விட்டு எழுந்ததும், ஆட்டக்காரர்களின் இங்கிலீஷ் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு உட்காருவாள். ஆடியில் கூழ் ஊற்றிய சமயம் ஆரம்பித்த டீமைப் பொங்கல் வரை வளர்த்துவிட்டாள்.

பிறகு வரிசையாகத் தோல்வி. இன்னும் ஒரு ஆட்டம் தோற்றால் மேனேஜர் வேலை போய்விடும் என்று கம்ப்யூட்டரில் எச்சரிக்கை வந்தது. அந்த ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே கம்ப்யூட்டரில் மச்சான் நடத்திய டீமோடு.

போன ஆட்டங்களில் அடி வாங்கினான் என்று தன் நல்ல வேகப்பந்துக்காரனை அவள் வெளியே உட்காரவைத்துவிட்டாள்.

"அக்கா, தரையில புல்லு கீதுக்கா, வேகம்தான் எடுபடும். அவனை வுட்டுட்டு சுழல் போடறவனுங்களா அடுக்கினுகிறியே!" என்றான் மச்சான்.

"உன் வேலைய பாருடா."

ஆட்டம் ஓடியது. மச்சான் ஆட்கள் விளாசித் தள்ளினார்கள். "அவ்ளோதான்க்கா, நாளையிலேர்ந்து தறியே கதின்னு குந்திக்க" என்று அவன் கையைத் தட்டினான். அவள் முகம் சுருங்கிவிட்டது. எனக்கே மனசு கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து கரெண்ட் போனது.

வந்ததும் மெஷினைப் போட்டோம். நடந்த ஆட்டம் அதில் இல்லை. ஆட்டத்துக்கு முந்தின இடத்தில் நின்றுகொண்டு, பதினோரு பேரைத் தேர்ந்தெடு என்று புதிதாகக் கேட்டது.

நான் அம்மன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். "பாத்தியாம்மா, தாய் கண்ணத் தொறந்துட்டா. ஜல்தியா அந்த வேகப்பந்துக்காரனை எடு" என்று மனைவியிடம் சொன்னேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன்.

"அநியாயம் மாமா! எவ்ளோ ரன்னு அடிச்சி வெச்சிருந்தேன்!" என்று மச்சான் கத்தினான். அக்கா முகத்தைப் பார்த்ததும் அவனும் இறங்கி வந்தான். "சரி, மாத்திக்கக்கா. வேலை பூடுமே உனக்கு."

அவள் ஒவ்வொரு பெயராக அமுக்கினாள். அதே பதினோரு பேர். வேகப்பந்துக்காரன் மறுபடியும் வெளியே.

"இன்னாம்மா பண்றே நீ?" என்றேன்.

"இவன் அவ்ளோ சொல்லியும் கேக்காம இவங்களத்தானே அனுப்பினேன்? கரெண்ட் பூட்டா அது இல்லன்னு ஆயிடுமா?"

"சாமியா பாத்து குடுத்ததும்மா."

"ஈபிக்காரன் நிறுத்தனத சாமி தலையில போடாதீங்க. அப்டியே சாமி குடுத்ததுன்னாலும், அவ எதுர்ல ஏமாத்தச் சொல்றீங்களா?"

காலையும் மாலையும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவன் நான்தான். அன்றைக்கு அவள் என்னைவிட அம்மனுக்குக் கிட்டே நின்றாள்.

இரண்டாவது முறை ஆட்டம் முன்போல ஓடவில்லை. சுழற்பந்துக்காரர்கள் நாலைந்து விக்கெட் எடுத்தார்கள். நான் கந்தனையும் கூப்பிட்டேன், அம்மனையும் கூப்பிட்டேன். வெற்றிக்குக் கிட்டே வந்து என் மனைவி தோற்றாள். திரையில் வந்த இங்கிலீஷை மச்சான் படித்துச் சொன்னான். வேலையிலிருந்து எடுத்துவிட்டார்களாம். ஜெயித்தவன் அவன், குதிக்கவே இல்லை.

"சரியாத்தான் சொல்லிகிறான். புல்லு கீற தரைன்னு நான்தான் பாக்கல" என்றாள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேனேஜர் இல்லாத டீம்களைத் தேடினாள். பட்டியலில் கடைசியாகக் கிடந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் ஆட்களின் பெயரை எழுத்துக்கூட்ட ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை கோயில் வரிசையில் முன்னால் நின்றவரிடம் இதை முழுக்கச் சொன்னேன். "அப்புறம்? ஜெயிச்சாங்களா?" என்று கேட்டார்.

"தோத்துட்டாங்க!" என்றேன். ஜெயித்ததுபோல நான் சொன்ன சத்தத்தில் உள்ளே இருந்த பூசாரி திரும்பிப் பார்த்தார்.