கையெழுத்துக்கு முன்னாடி வச்ச பொட்டு

எங்க வீட்டுக்காரரு அடுத்தவங்க முன்னால நாற்காலியில உக்கார மாட்டாரு. தோட்டத்துத் தொரைக்குப் பதினெட்டு வருஷம் ஜீப் ஓட்டினவரு. தொரை உள்ள பேசிக்கிட்டு இருக்குற நேரமெல்லாம் இவரு வெளிய ஜீப் கதவுகிட்ட கைய முன்னுக்குக் கட்டிக்கிட்டு நிப்பாரு. அந்த வேலைய விட்டு, ஒரு பழைய வேன் வாங்கி சொந்தமா வாடகைக்கு ஹையர் ஓடத் தொடங்கி ஆறு வருஷமாச்சு. ஆனாலும் டை கட்டின ஒருத்தனக் கண்டா கை ரெண்டும் தானா முன்னுக்கு வந்துரும். நானும் எவ்வளவோ ஏசிப் பாத்துட்டேன்.

அதனாலதான், கார் ஒண்ணு லீசிங்ல, மாசத் தவணைக்கு, எடுக்குறது பத்திப் பேச நுவரெலியாவுக்குப் போறேன்னு அவரு சொன்ன அன்னைக்கு, நானும் வர்றேன்னு புள்ளக்காம்பராவுக்கு லீவு சொல்லிட்டேன். கொழுந்து எடுக்கப் போற அம்மாமாரு கைக்கொழந்தைங்கள விட்டுட்டுப் போற எடம் அது. இருபது வருஷமா நான்தான் அங்க பொறுப்பு. மருந்தக் கீழ துப்பிட்டு ‘குடிச்சிட்டேன்’னு சொல்ற புள்ளையையும் பாத்திருக்கேன், காய்ச்சல்ல கொதிக்கிற புள்ளைய ‘லேசா சளி’ன்னு சொல்லி வச்சிட்டு மலைக்கு ஓடுற தாயையும் பாத்திருக்கேன். பொய் சொல்ற மூஞ்சிய பத்தடி தள்ளி நின்னே கண்டுபிடிச்சிருவேன். பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், போங்க.

விஷயம் இதுதான். கந்தப்பளையில எங்க தோட்டத்துக்கு மேல இருந்த பழைய தொரை பங்களாவ இப்ப ஹோட்டலா ஆக்கிட்டாங்க. வெளிநாட்டுக்காரங்க வந்து தங்குறாங்க. அந்த ஹோட்டலப் பாக்குறவரு எங்க வீட்டுக்காரரக் கூப்பிட்டு, “பெரிய கார், நல்ல கார் ஒண்ணு உங்ககிட்ட இருந்தா அடுத்த மாசம் ஒண்ணாந்தேதியில இருந்து ஏர்போர்ட் ஓட்டமெல்லாம் உங்களுக்குத்தான். இல்லாட்டிக் கொழும்புக் கம்பனிக்குக் குடுத்துருவோம்”னு சொல்லிட்டாரு. எங்க வேனப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல. ஆனா வேனப் பாத்துக்கிட்டேதான் சொன்னாராம். அன்னைக்கு ராத்திரி இவரு சோத்தப் பெசஞ்சிக்கிட்டே இருந்தாரு, வாயில வைக்கல.

அது ஏப்ரல் சீசன், வெயில் ஊரு சனமெல்லாம் மலைக்கு வர்ற நேரம். கொழும்புல இருந்து ஒரு கார் கம்பனி நுவரெலியாவுக்கு வந்து ஏரிப் பக்கம் கூடாரம் அடிச்சிருந்திச்சு. பளபளன்னு நாலஞ்சு கார். அதுல ஒண்ணு டெமோ கார். வர்றவங்க போறவங்கல்லாம் ஓட்டிப் பாக்குறதுக்குன்னே வச்சிருக்குறது. சீசன் முடிஞ்சதும் அத லீசிங்குக்குக் குடுப்பாங்கன்னு யாரோ சொல்ல, லீசிங் கம்பனியில பேப்பர், பிணையாள் எல்லாம் முன்னாடியே சரி பண்ணிட்டோம். நாங்க போனது சீசனோட கடைசி நாள். கார்க்காரங்க சொல்ற வெலைக்கும் நிபந்தனைக்கும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடுறதுதான் மிச்சம்.

கூடாரத்துல எங்ககிட்ட பேச வந்தது டை கட்டின ஒரு தமிழ்ப் பையன். கொழும்புப் புள்ள. நல்ல சிரிப்பு.

“அக்கா, இது கிட்டத்தட்ட புத்தம் புதுசு” அப்படின்னான்.

“தம்பி, கம்பனி பேருல ரெஜிஸ்டர் பண்ணியாச்சா, இல்லையா?”

“அது பண்ணியாச்சு அக்கா. போன வருஷம்.”

“அப்ப வாரண்டியும் போன வருஷத்துல இருந்தே ஓடுது. எங்க கைக்கு வர்றப்ப பாதி தேஞ்சு போயிருக்கும். அப்படித்தானே?”

பையன் முழிச்சான். மூணு நாளா போன்ல தேடித் தேடிப் படிச்சிட்டுப் போயிருந்தேன் நான். நான் கேட்டது ரெண்டே ரெண்டு. வாரண்டிய நாங்க எடுக்குற நாள்ல இருந்து கணக்கு வச்சு எழுத்துல தரணும். ஊரெல்லாம் ஓட்டிப் பாத்த வண்டி, அதனால தேஞ்சதெல்லாம் புதுசா மாத்தித் தரணும். “மேனேஜர்கிட்ட பேசிறலாம் அக்கா, பெரிய விஷயமில்ல”ன்னான். இவரு என் பக்கத்துல கைகட்டிக்கிட்டு நின்னாரு. நாற்காலி காலியாக் கெடந்திச்சு.

அப்பத்தான் அந்தப் பையன் சொன்னான், “அண்ணே, வீட்டு வரைக்கும் ஓட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வாங்களேன். நானும் கூட வர்றேன்.” இவரு மூஞ்சியப் பாக்கணுமே! வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. என்னோட தப்பு அங்கதான் தொடங்கிச்சு.

எங்க லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீடுங்களுக்கு, இது வரைக்கும் யாரும் சும்மா ஓட்டிப் பாக்க ஒரு காரக் கொண்டு வந்ததில்ல. அப்படி ஒரு பழக்கம் இருக்குறதே எங்க சனத்துக்குத் தெரியாது. கார் வந்து வாசல்ல நின்னா வாங்கியாச்சு, அவ்வளவுதான். நாங்க எறங்கி முடியல, இவரோட அக்கா, எங்க மதினி, கற்பூரத் தட்டோட ஓடி வர்றாங்க. பின்னாடியே லயமே வருது. முன்பக்கம் சந்தனம், குங்குமம், நடுவுல பெரிய பொட்டு, கண்ணாடியில செவ்வந்தி மாலை, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம்.

“மதினி, கொஞ்சம் பொறுங்க, இன்னும்...”

“நீ சும்மா இரு புள்ள!” அப்படின்னு அழுதுக்கிட்டே சிரிக்கிறாங்க. “என் தம்பி தொரை ஜீப்ப எத்தன வருஷம் கழுவினான்! அவனுக்குன்னு ஒண்ணு வந்திருக்கு.”

கற்பூரத்த ஏத்தியாச்சு. அதுக்கப்புறம் எவ நிறுத்துவா? தேங்காய ஒடச்சாங்க. இவரும் ஏறி எலுமிச்சம்பழத்த நசுக்கிட்டு எறங்கினாரு. நான் திரும்பிப் பாக்குறேன், அந்தப் பையன் போன்ல எல்லாத்தையும் படம் புடிச்சிக்கிட்டு இருக்கான். அவன் மூஞ்சி எனக்கு நல்லாத் தெரிஞ்ச மூஞ்சி. மருந்து குடிக்காமலே மிட்டாய் கெடைச்ச புள்ளையோட மூஞ்சி.

கூடாரத்துக்குத் திரும்பிப் போனதும் நான் நெனச்சதுதான் நடந்திச்சு. சிங்கள மேனேஜர் ஒருத்தரு வந்து உக்காந்தாரு. பையன் அவருக்குப் போனக் காட்டினான். அவரு சிரிச்சிக்கிட்டே சிங்களத்துல சொன்னாரு, “வாரண்டியெல்லாம் மாத்த முடியாது. கம்பனிச் சட்டம். இருக்குறபடிதான்.”

“முடியும்னு இந்தத் தம்பி சொன்னாரே!” அப்படின்னேன் நான்.

“அக்கா, பூசையே போட்டாச்சே” அப்படின்னான் பையன். “இனி என்ன பேச்சு?”

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிச்சு. எங்க மதினியோட கண்ணீர எடுத்து எங்க தலையிலயே மொளகா அரைக்கிறான்! இதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு என்ன பண்றாரு? குனிஞ்சு பேனாவ எடுக்குறாரு. பேனாவப் புடுங்கி மேசையில வச்சேன். தண்ணிப் போத்தல எடுத்துக்கிட்டு வெளிய போனேன். முந்தானையில தண்ணிய ஊத்தினேன். கார் முன்னால இருந்த அந்தப் பொட்ட அழிச்சேன்.

பொட்டழிக்கிறது எங்க சனத்துல என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அந்தப் பையனுக்கும் தெரியும், அவனும் தமிழ் வீட்டுல பொறந்தவன்தானே. அவன் சிரிப்பு நின்னுபோச்சு. தாயே, என்ன மன்னிச்சிருன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேதான் தேச்சேன். மாலையக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டேன்.

“இப்ப இது உங்க கார்” அப்படின்னேன். “வாங்க போவோம்.”

எதுத்தாப்புல இருந்த தேத்தண்ணிக் கடையில போய் உக்காந்தோம். இவரு பிளேன்டீயத் தொடவே இல்ல.

“போச்சு” அப்படின்னாரு. “ஒண்ணாந்தேதி கொழும்புக்காரன் வந்துருவான். நான் அந்த வேனயே கட்டிக்கிட்டு அழ வேண்டியதுதான்.”

எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் செஞ்சது சரின்னு எனக்குத் தெரியும். ஆனா சரியாச் செஞ்சதுக்காக ஹோட்டல் வேலை காத்துக்கிட்டு இருக்குமா? கூடாரத்தப் பிரிக்கத் தொடங்கிட்டாங்க. ஒவ்வொரு காரா வெளிய வந்து நின்னுச்சு. அந்தப் பையன் டெமோ காரோட சாவிய வெரல்ல சுத்திக்கிட்டு நின்னான்.

இவரு அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு, “அந்தப் பையன்தான் காரக் கொழும்புக்கு எறக்கப் போறான் போல. றம்பொடை எறக்கம் வழியா.”

“எறக்கட்டும்.”

“பிரேக்கு இல்ல புள்ள அதுல.”

“என்னது?”

“இருக்கு, ஆனா இல்ல. ஓட்டிப் பாக்க வந்தவங்கல்லாம் எறக்கத்துல பிரேக்குல கால வச்சபடியே வந்திருக்காங்க. தானா கியர் மாறுற வண்டிதானேன்னு விட்டுட்டாங்க. எரிஞ்சு போச்சு. மிதிச்சா உள்ள போகுது. கந்தப்பளையில இருந்து வர்றப்பவே வாடை வந்திச்சு. நான் சின்ன கியர்ல போட்டுக் கால் வைக்காம எறக்கிட்டேன். அவனுக்கு அது தெரியாது.”

“ஐயோ கடவுளே, இத ஏன் அங்க சொல்லல?”

“அவங்க கேக்கலையே.”

சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல எனக்கு. தேஞ்சத மாத்தித் தா, மாத்தித் தான்னு நான் தொண்டை கிழியக் கத்துறேன், தேஞ்சது என்னன்னு தெரிஞ்ச மனுஷன் பக்கத்துல கைகட்டி நிக்கிறாரு! நல்லா நாலு வார்த்தை ஏசலாம்னு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அவரு எந்திரிச்சு ரோட்டத் தாண்டிட்டாரு.

நான் மாலையத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே ஓடினேன். போய்ச் சேர்றப்ப அவரு மேனேஜர்கிட்ட சிங்களத்துல பேசிக்கிட்டு இருந்தாரு. கை கட்டியிருக்கல. ஒரு கை முன் டயரக் காட்டிக்கிட்டு இருந்திச்சு. மேனேஜர் குந்தி உக்காந்து போன் வெளிச்சத்துல உள்ள பாத்தாரு. பிரேக் தட்டு சூட்டுல நீலம் பாஞ்சு கெடந்திச்சு. பையன் குனிஞ்சு பாத்துட்டு, சாவி சுத்துறத நிறுத்திட்டான்.

மேனேஜர் எந்திரிச்சு முட்டியத் தட்டிக்கிட்டாரு. “இத ஏன் பேரம் பேசுறப்ப சொல்லல?”

“நான் பேரத்துக்கு வரல மாத்தயா” அப்படின்னாரு எங்க வீட்டுக்காரரு. “அந்தத் தம்பி எறங்கப் போறாரு. அதான்.”

மேனேஜர் அந்தப் பையனத் திரும்பிப் பாத்தாரு. அந்த மனுஷனுக்கு உறுத்திச்சுன்னு எனக்கு அப்பட்டமாத் தெரிஞ்சிச்சு. அந்த நிமிஷத்த நான் விடுவேனா?

“அவரு வரல” அப்படின்னேன். “நான் வந்திருக்கேன். பேரத்த இப்பப் பேசுவோம்.”

மேனேஜர் என்னப் பாத்தாரு, அவரப் பாத்தாரு, சிரிச்சிட்டாரு. இந்தத் தடவ நெசச் சிரிப்பு. பிரேக்கு முழுசாப் புதுசு, இங்கேயே கராஜ்ல போட்டுட்டுத்தான் வண்டி ஒரு அடி நகரணும். வாரண்டி நாங்க வண்டி எடுக்குற நாள்ல இருந்து. கொழும்புக்குப் போன் போட்டு அவரே வாதாடினாரு. காகிதத்துல எழுதி, அவரு மொதல்ல கையெழுத்துப் போட்டாரு. நான் ரெண்டு தடவ படிச்சேன். அப்புறம் அவரே ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு எங்க வீட்டுக்காரரப் பாத்து, “உக்காந்து போடுங்க” அப்படின்னாரு. இவரு என்னப் பாத்தாரு. நான் வேணும்னே வேற பக்கம் பாத்தேன். உக்காந்தாரு.

புதுப் பிரேக்கு கொழும்புல இருந்து வந்து சேர மூணு நாளாச்சு. வண்டிய எடுக்கப் போன அன்னைக்கு, கெளம்புறதுக்கு முன்னாடி இவரு சட்டைப் பையில இருந்து ஒரு காகிதப் பொட்டலத்த எடுத்தாரு. குங்குமம். வீட்டுச் சாமி படத்துக்கிட்ட இருந்து எடுத்துட்டு வந்திருக்காரு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நான் அழிச்ச அதே எடத்துல, அதே அளவுக்கு, மெதுவா வச்சாரு.

“இனி இதுல கை வச்சுப் பாரு” அப்படின்னாரு.

“நீங்க வாயத் தொறந்து பேசினா நான் ஏன் கை வைக்கிறேன்?” அப்படின்னேன். கண்ணு கலங்கிருச்சு எனக்கு, முந்தானையால தொடச்சிக்கிட்டேன். அதே முந்தானை, குங்குமக் கறை இன்னும் போகல.

ஒண்ணாந்தேதி விடியக்காலையில ஏர்போர்ட்டுக்கு மொத ஓட்டம். லயமே வாசல்ல நின்னு வழியனுப்பிச்சு. மதினி கார் முன்னால குனிஞ்சு பாத்துட்டு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாங்க, “பாத்தீங்களா, நான் வச்ச பொட்டு இன்னும் அப்படியே இருக்கு!”

ஸ்டியரிங் புடிச்சிக்கிட்டு இருந்தவரு கண்ணாடி வழியா என்னப் பாத்தாரு. “ஆமா மதினி, உங்க கை ராசி” அப்படின்னேன் நான்.