ஜோவுக்கு வைத்த தட்டு

பேத்தி இன்று தக்காளி சோஸில் கொத்திறைச்சி வேகவைத்த வாசம், எண்பதுகளில் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பென்ரோஸில் நாங்கள் வாடகைக்கு இருந்த, இப்போது சாமான் களஞ்சியமாகிவிட்ட வீட்டின் குசினிக்கு என்னைக் கொண்டுபோனது.

“இரவைக்கு ஸ்லொப்பி ஜோ, அம்மா. கொத்திறைச்சியும் பணிசும் வேணும்” என்று எட்டு வயது மகள் சொல்ல, வெள்ளைக்காரர் ஒருவர் சாப்பிட வருகிறார் என்று நினைத்து, அவரோடு என்னத்தைக் கதைப்பது என்ற பயத்திலேயே யாழ்ப்பாணத் தூள் போட்டுச் சமைத்து, தட்டொன்று கூடுதலாக வைத்தேன்.

“ஆருக்கு இது?” என்றார் என் கணவர்.

“ஜோவுக்கு.”

“அது பணிசுக்குள்ள கொத்திறைச்சி வைக்கிற சாப்பாட்டின்ர பேர், அம்மா.” மகள் சிரித்து உருண்டாள்.

அவர் சிரிக்கவில்லை. “வைச்ச தட்டை எடுக்கப்படாது” என்று, பக்கத்து வீட்டில் தனியாக இருந்த மேரியைக் கூட்டிவந்தார். மேரி விரல் நக்கிச் சாப்பிட்டார். இங்கிலீஷ் வராத நான் சிரித்ததே அவருக்குப் போதுமாக இருந்தது. அவர்தான் இந்த நாட்டில் எனக்கு வாய்த்த முதல் சிநேகிதி. கடைசிவரை எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் ஜோதான்.